இரண்டாம் ஒப்பந்தத்தில் இல்லாத பிள்ளை

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் அஜின்கோர்ட்டில், எங்கள் முதியோர் சங்கத்தில் மாதம் ஒருமுறை நான் வரலாறு பேசுவேன். ஊரில் முப்பது வருடம் அதைத்தான் படிப்பித்தேன். போன மாதம் இடைக்காலப் பிரான்சில் வாழ்ந்த ஒரு பிரபுவின் மகளைப் பற்றிப் பேசினேன். பன்னிரண்டு வயதில், ஆற்றுப் பாலமுள்ள ஒரு நகரத்துக்காகத் தகப்பன் அவளைக் கட்டிக்கொடுத்தான். கணவன் சண்டையில் செத்தான். அவள் பெற்றிருந்த கைக்குழந்தை கணவன் வீட்டாரின் வாரிசு என்பதால் அங்கேயே நின்றுவிட்டது. அவளை மட்டும் தகப்பன் திருப்பி அழைத்து, ஒரு கோட்டைக்காக இரண்டாவது கலியாணம் செய்துவைத்தான். அவனும் இறக்க, மூன்றாவது.

"மூண்டோ மாஸ்டர்? எனக்கு ஒண்டே போதும் எண்டு கிடக்கு," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"எனக்கும்தான்," என்றார் பக்கத்திலிருந்த அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். இரண்டாவது திருமண ஒப்பந்தத்தில் நிலம், காடு, மாவரைக்கும் ஆலை வரை எழுதியிருந்தார்கள்; அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. நூலகத்தில் அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அதே வேலையைச் செய்தவன் நான்.

என் மகளின் முதல் கணவர் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தபோது அவள் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பிறகு லண்டனிலிருந்து இங்கே வந்து குடியேறவிருந்த ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தார். முதல் கணவரின் இறப்புச் சான்றிதழை மறைக்க முடியாது. அதனால், "எழுத்து மட்டும்தான் நடந்தது. தாலி கட்ட முதலே அந்தப் பெடியன் செத்துப்போனான்," என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். பதிவாளர் முன் கையெழுத்து வைத்துவிட்டுக் கோயில் கலியாணத்துக்குக் காத்திருப்பவளை எங்கள் ஆட்கள் வாழ்ந்தவளாக எண்ணுவதில்லை. நம்பினார்கள்.

பிள்ளையைப் பக்கத்து மல்வேர்னில் இருந்த தகப்பனின் பெற்றோரிடம் கொடுத்தேன். தாயும் விபத்தில் இறந்ததாகச் சொல்லி வளர்க்க அவர்கள் சம்மதித்தார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்," என்று மகளிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூறைச்சேலை எடுக்க நானே கூட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு வருடங்களாக, பிறந்தநாளுக்குப் பரிசு கொண்டுபோகும் தூரத்துச் சொந்த அன்ரியாகவே அவள் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள்.

போன மாதக் கூட்டம் முடிந்து மகள் என்னைக் காரில் ஏற்றினாள்.

"நான் மருமகனிட்டையும் பிள்ளையிட்டையும் உண்மையைச் சொல்லப்போறன்," என்றேன்.

"வேண்டாம் அப்பா."

"இனியாவது அவள் உன்னை அம்மா எண்டு கூப்பிடட்டும்."

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வருசம் கேட்டவள். நீங்களோ என்ர அம்மா எண்டு. வீட்டில இருக்கிற இவரையும் ரெண்டு பெடியளையும் நினைச்சன். நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன. சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி எண்டவள். இப்ப ஃபோன் எடுக்கிறேல்லை."

விளக்கு மாறியது. அவள் காரை எடுத்தாள். இனி நான் உண்மையைச் சொன்னால், தாய் தன் முகத்துக்கு நேரே இல்லையென்று சொன்னாள் என்பதுதான் அந்தப் பிள்ளையின் மனதில் நிற்கும்.