காற்றுப் பார்த்துத் தாளித்தவர்

அறுபதுகளின் கடைசியில் கம்பைநல்லூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண் முகாம் போட்டிருந்தார்கள். என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்து, இரண்டு கண்ணையும் கட்டி, வகுப்பறையில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தும்மினால் தையல் பிரிந்து பார்வையே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அந்தத் தும்மலுக்கு எங்களைவிட அதிகம் பயந்தவர் முகாமின் சமையல்காரர். கல்யாண பிரியாணிக்குப் பேர்போன பாய். மருதாணி ஏறிய தாடி, மடித்துக் கட்டிய கட்டம்போட்ட லுங்கி. மிளகாய் தாளிக்க மட்டும் அடுப்பை மைதானத்தின் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். எங்கள் பக்கம் பறந்தால் அன்றைக்குத் தாளிப்பே கிடையாது.

"என்ன பாய், ரசம் சப்புனு இருக்குதே?" என்று அம்மா ஒருநாள் குறைப்பட்டாள்.

"காத்து உங்க பக்கமா அடிக்குதுங்க ஆத்தா. கண்ணு ஆறுனப்புறம் வூட்டுல நீங்களே தாளிச்சு, ஆசை தீரத் தும்முங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, சிரிக்காதீங்க ஆத்தா!" என்று பதறிக்கொண்டு அவர் வெளியே ஓடினார்.

கட்டுப் பிரித்த அன்று அவர் எங்கோ கல்யாணச் சமையலுக்குப் போய்விட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் "நூறு வயசு" என்று சொல்வது வழக்கம். டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும், தடித்த கண்ணாடியோடு அடுப்படிக்குப் போன அம்மா எண்ணெயில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டாள். அடுக்குத் தும்மலாக வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"அந்த பாய்க்கு நூறு வயசு."