தங்கையாவின் சட்டைக்குப் பின்னால் கோயில்

சரோஜா வீட்டுக் கொடியைப் பார்த்தவர்கள் அவளுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். இடது கோடியில் பச்சைத் துவாலை. அடுத்து ஒரு பூப்போட்ட சாரோங் கைலி. அதற்கடுத்துப் புருஷன் தங்கையாவின் கோடு போட்ட சட்டை. கடைசியில் தலையணை உறை. ஒரு மாதமாகத் தினமும் இதே வரிசை. மழைக்கு எடுத்தால், மழை விட்டதும் அப்படியே திரும்பத் தொங்கும். கேமரன் மலைக் குளிரில் துணி காய்வதாவது! அவள் காயவா போட்டாள்? பாடம் படிக்கப் போட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். இந்த வருஷம், இரண்டு ஆள் தூக்கிப் பிடித்து வெட்டும் மெஷின்கள் வந்து இறங்கின. அவளுடைய நாற்பத்தொன்பது வயது முழங்கால் அதற்கு ஒத்துவரவில்லை. ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தோட்டத்தைக் காட்டும் வேலை காலியாக இருக்கிறது, இங்கிலீஷ் பேச வேண்டும், ஒரு மாதத்தில் பரீட்சை. தேறாவிட்டால் வேலையும் போச்சு, வேலையோடு கொடுத்த லைன் வீடும் போச்சு. தங்கையா திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அவருக்கு எந்தத் தோட்டம் வீடு கொடுக்கும்?

ஆறாவதோடு படிப்பை விட்டவள், போனில் வீடியோ போட்டுப் போட்டு இருபத்திரண்டு வாக்கியம் பிடித்தாள். சொல் வந்தது, வரிசை வரவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றி நிறுத்தும் மேட்டிலிருந்து பார்த்தால் எதற்கு அடுத்து எது? அதற்குத்தான் கொடி. துவாலை என்றால் பேக்டரி. சாரோங் என்றால் ஆறு. சட்டைக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். தலையணை உறை பழைய துரை பங்களா. சாயங்காலங்களில் கொடியின் முன் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசுவாள். பனி மெல்ல இறங்கும். துணி எது, மலை எது என்று தெரியாமல் போகும். சாரோங்கின் பூக்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும். அவளும் விடாமல் பேசிக்கொண்டே நிற்பாள். தூக்கத்திலும் அதே பேச்சுதான்.

"தூக்கத்துல 'வாட்ச் யுவர் ஸ்டெப்'னு என் காலப் புடிச்சு இழுக்குற! நான் என்ன டூரிஸ்டா லா?" என்று ஒரு நாள் காலையில் தங்கையா அந்த ஊர்ப் பேச்சின் 'லா' போட்டு அலுத்துக்கொண்டார்.

பரீட்சை நாளும் வந்தது. வெளியூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். பின்னால், மார்க் போடத் தோட்டத்தின் சின்னத் துரை குகனேஸ்வரன், கையில் காகிதத்தோடு. மேட்டில் ஏறி நின்றால், பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. எங்கும் வெள்ளைப் பனி. பாவி மனுஷி, எதைக் காட்டுவாள்? ஒரு வாக்கியம்கூட வாயில் நிற்கவில்லை.

கண்ணை மூடினாள். கொடி வந்தது.

"லெப்ட் சைட், டீ பேக்டரி," என்று பனிக்குள் விரலை நீட்டினாள். அடுத்து ஆறு. அடுத்து, அதே வேகத்தில், "பிஹைண்ட் மை ஹஸ்பண்ட் ஷர்ட், டெம்பல்!"

ஐயோ, மானம் போச்சே! குகனேஸ்வரன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், எந்தச் சட்டை என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? துவாலை, சாரோங், மெஷின், முழங்கால் எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீஷில் கொட்டிவிட்டாள். இருபத்திரண்டில் இல்லாத வாக்கியங்கள், முழுக்க முழுக்க ஓட்டை. கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தாங்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்போது துவாலைப் பக்கமிருந்து தேயிலை வறுபடும் வாசனை மிதந்து வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ, சரோஜாவுக்கே தெரியாது.

பனி விலகியது. முதலில் பேக்டரிக் கூரை. பிறகு ஆறு. பிறகு கோயில். எல்லாம் அவள் விரல் காட்டிய இடத்திலேயே இருந்தன. பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

"உன் வீடு எது?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

இருக்குமோ போகுமோ என்று பயந்து, வீட்டுக்கு மட்டும் சரோஜா கொடியில் துணியே போடவில்லை. பள்ளத்தில் தெரிந்த தகரக் கூரையை மெதுவாகக் காட்டினாள். அதன் முன்னால், தூரத்தில், ஒரு கோடு போட்ட சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

குகனேஸ்வரன் காகிதத்தை மடித்தார்.

"இங்கிலீஷ் ரொம்பத் தப்பு அக்கா," என்றார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். "போகப் போக வந்துரும். நாளைக்கு எட்டரைக்கு ஒரு குரூப் வருது. வந்துருங்க. அந்த வீட்டையும் சேத்துக் காட்டுங்க லா."

அன்று சாயங்காலம் கொடியில் ஐந்தாவதாக ஒன்று தொங்கியது. கொழுந்து எடுக்கும்போது அவள் தலையில் கட்டும் துண்டு.

லோரியை விட்டு இறங்கி வந்த தங்கையா அதைப் பார்த்துவிட்டு நின்றார். "இது எந்த எடம்?"

"நம்ம வீடு," என்றாள் சரோஜா.