கணக்கு ரீச்சரின் எல் போட்

உப்புக்காற்றில் துருவேறிய பிரேக்கின் கீச்சொலியை எங்கே கேட்டாலும், எங்கள் கணக்கு ரீச்சர் புள்ளிமான்களுக்கு நடுவே ஸ்கூட்டியோடு விழுந்து கிடந்த பின்னேரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. திருகோணமலையில் மான்கள் வீதியிலும் மைதானத்திலும் தங்கள் பாட்டுக்கு மேயும். நாங்கள்தான் ஒதுங்கிப் போகவேண்டும்.

தவணைப் பரீட்சை முடிந்ததும் ரீச்சர் எங்களைப் புள்ளிப்படி இருத்துவார். புள்ளி குறைந்தவர்கள் இருக்கும் கடைசி வாங்குக்குப் பெயர் "கடற்கரை வாங்கு". யன்னலால் துறைமுகம் தெரியும் அந்த வாங்கில் இருப்பவர்களிடம் அவர் கேள்வியே கேட்கமாட்டார், அதனால் பத்தாம் வகுப்பில் நான் கப்பல்தான் பார்த்தேன். அடுத்த வருடச் சாதாரணதரப் பரீட்சையில் கணக்குத் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. அப்படியிருந்தும், "இவளுக்குக் கணக்கு ஏலாது அம்மா. சிலருக்கு மண்டை அப்பிடி. தையலுக்கு விடுங்கோ" என்று ரீச்சர் சொன்னபோது அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். எனக்குக் கணக்குப் பிடிக்குமா என்றுகூட யாரும் கேட்கவில்லையே என வழிநெடுக அழுதேன்.

அந்த வருடம்தான் ரீச்சர், நிலாவெளி பஸ்ஸின் நெரிசல் பொறுக்காமல், நாற்பது தாண்டிய வயதில் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினார். பள்ளி விட்டபின் மைதானத்தில் கணவர் பழக்குவார். அன்று மான்கள் குறுக்கே வர, பிரேக் கீச்சிட, ரீச்சர் சரிந்தார். "உமக்கு ஏலாது, விடும்! சிலருக்கு மண்டை அப்பிடி" என்று கணவர் கத்தியது, வலைப்பந்து பழகிக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "நல்லா வேணும்" என்று மனதுக்குள் சிரித்தேன். ரீச்சர் முழங்கை மணலைத் தட்டியபடி எழுந்து, எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்து, "எங்க பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ. ஏலாது எண்டு சொல்லாதேங்கோ" என்று திரும்ப ஏறினார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள், கட்டுப்போட்ட கையோடு நேரே கடற்கரை வாங்குக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். "செய்யும் பாப்பம். எந்த வரியில பிழைக்குது எண்டு காட்டும்." சமன்பாட்டின் மறுபக்கம் கொண்டுபோகும்போது கழித்தல் குறியை மாற்ற மறப்பேன், அவ்வளவுதான். ஒரு வருடம் கப்பல் பார்த்தது அந்தச் சின்னக் கோட்டால்.

ரீச்சர் அதன்பிறகும் கோபக்காரிதான், ஆனால் யாரையும் புள்ளிப்படி இருத்தவில்லை. லைசன் கிடைத்த பிறகும் ஸ்கூட்டியில் 'பழகுபவர்' என்று காட்டும் சிவப்பு எல் போட்டைக் கழற்றவுமில்லை.

இன்று குச்சவெளியில் நான் கணக்குப் படிப்பிக்கிறேன். ரீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார், ஸ்கூட்டி விலைப்பட்டுவிட்டது, வாங்குகள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். ஸ்கூட்டியை விற்றபோது அவர் கழற்றித் தந்த எல் போட், சிவப்பு வெளிறி, என் மேசைக்கு மேலே தொங்குகிறது. "ரீச்சர், நீங்கள் இன்னும் பழகிறீங்களோ?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

"ஓம், இன்னும்தான்" என்பேன்.