மிதக்காமலும் தாழாமலும்

ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரையூர் ரொபின்சன், காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்தான். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டிவிடும். படகு கரை சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன்பிறகு சில்லுக்கதிரைதான். கடலைப் பார்க்கவும் மாட்டான், யாரோடும் கதைக்கவும் மாட்டான்.

மனைவி ஜெனிஸ்ரா மண்டபம் அகதி முகாமில் பிறந்து, தமிழ்நாட்டிலேயே டிப்ளோமா படித்தவள். சண்டை ஓய்ந்தபின் ஊர் திரும்பி, உப்புக்குளம் என்ற இடத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்தாள். இவர் கடலுக்குள் போகமுடியாவிட்டால் இவருடைய கண்ணாவது போகட்டும் என்று நினைத்தாள். பிளாஸ்டிக் குழாய்க்குள் கமராவைப் பூட்டி, சின்ன விசிறிகள் பொருத்தி, வயர் வழியே மேலிருந்து இயக்கித் திரையில் பார்க்கக்கூடிய ஒரு நீரடி ரோபோ செய்தாள்.

வீட்டுத் தொட்டியில் அது விட்ட இடத்தில் நின்றது. கடலிலோ தக்கை மாதிரி மிதந்தது. உப்புத்தண்ணீர் தூக்குகிறதென்று விளங்கி ஈயக்குண்டு கட்டினாள். நேரே அடிக்குப் போய்ச் சேற்றைக் கிளப்பியது. திரை முழுக்கக் கலங்கல். குண்டைக் கூட்டினாள், குறைத்தாள். நடுவில் மட்டும் நிற்கமாட்டேன் என்றது.

முற்றத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் சோர்ந்து இருந்தபோது, ரொபின்சன் கதிரையை உருட்டிக்கொண்டு வந்தான்.

“குண்டால சரிவராது, ஜெனி. நான் அடியில நிண்டது மூச்சாலதான். இழுத்தா உடம்பு எழும்பும், விட்டாத் தாழும். இதுக்கு நுரையீரல் இல்லையே.”

அவன் குரலையே மறந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப நுரையீரல் வைப்பம். நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ.”

பெரிய சிறிஞ்சு ஒன்றின் தண்டைச் சின்ன மோட்டரோடு பூட்டினாள். தண்டு பின்னால் போனால் கடல்நீர் உள்ளே வந்து ரோபோ கனக்கும். முன்னால் வந்தால் நீர் வெளியேறி இலேசாகும். எவ்வளவு ஆழமென்று பார்த்து மோட்டரை ஓட்ட ஒரு கருவியும் வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து, ரொபின்சனின் தம்பி பிரதீபன் அவனைத் தூக்கிப் படகில் இருத்தினான். ரோபோ மெல்ல இறங்கி, கடற்புல்லுக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நின்றது. ஓரா மீன்கள் பயமில்லாமல் மேய்ந்தன.

“நிக்குது!” என்றாள் ஜெனிஸ்ரா.

ரொபின்சன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கல்லுக்கு அங்கால விடு. அது நான் போற பாதை,” என்றான்.

இப்போது கடலடிக் கல்லில் வலை சிக்கினால் ஊரவர் இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஜெனிஸ்ரா ரோபோவை ஓட்டுவாள். எங்கே தேடுவதென்றும், சிக்கைத் திரையில் பார்த்து எந்தப் பக்கம் இழுப்பதென்றும் ரொபின்சன் சொல்லுவான். போன கிழமை மீனவர் அமிர்தநாயகத்தாரின் வலை இப்படித்தான் கிழியாமல் வந்தது.