கங்கைக் கரையில் கூடுதலாக ஒரு நாள்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. மன்னார்குடிக்கு அருகே பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தம் ஒரே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். மத்திய அரசு எழுத்தர் வேலை அப்பாவை டெல்லி கிட்வாய் நகருக்கும், சித்தப்பாவை டேராடூனுக்கும் கொண்டுவந்தது.

எழுபத்தெட்டு மே மாதம், அப்பா வாங்கிய பழைய காரில் சித்தப்பாவைப் பார்க்கக் கிளம்பினோம். எனக்குப் பதினோரு வயது. ஹரித்துவாரின் படித்துறைகளைப் பார்த்துவிட்டு, ரிஷிகேசத்துக்கு மேலே கங்கைக் கரையில் இரவல் கூடாரத்தை அடித்தோம். மறுநாள் நண்பகலில் ஸ்டவ்வை ஏற்றிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று எழுந்தார்.

"யாரோ 'அண்ணே'ன்னு கூப்புடுறாங்க."

"ஆத்துச் சத்தங்க," என்றார் அம்மா.

அப்பா சாலைவரை ஏறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. உடனே கிளம்பலாம் என்று கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நான் அழுதேன். ரிஷிகேசத்துத் தொங்கு பாலத்தில் இன்னொரு முறை நடக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் இருப்போம் என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். அப்பா அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

மறுநாள் காலை டேராடூனில் சித்தப்பா வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. "பையா ஆ கயே," அண்ணன் வந்துவிட்டார் என்று யாரோ இந்தியில் சொல்ல, எல்லோரும் வழிவிட்டார்கள். முந்தைய நாள் நண்பகலில் நெஞ்சுவலியில் சித்தப்பா போய்விட்டிருந்தார். அண்ணனுக்காக உடலை வைத்துக் காத்திருந்தார்கள்.

ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடமெல்லாம், ஆற்றங்கரையில் தங்க ஆசைப்பட்டது தாம்தான் என்றே அப்பா சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டெல்லி திரும்பியதும் காரை விற்றார். சித்தியையும் அவர் மகளான இரண்டு வயதுத் தங்கையையும் எங்கள் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸுக்கே அழைத்துவந்தார். தங்கையைப் படிக்கவைத்து மணமுடித்தார். ஆனால் மாடிப்படியில் எந்தக் குரல் கேட்டாலும் எழுந்து போய்க் கதவைத் திறப்பார். யாரும் இருக்கமாட்டார்கள். தம்பி கடைசியில் தம்மைத் தேடினானா என்று சித்தியிடம் கேட்க வாயெடுப்பார். கேட்காமலே எழுந்து போய்விடுவார். பின்னாளில் குடிபோன டெல்லி துவாரகா வீட்டில் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் அவர் பார்வை சித்தியையே சுற்றிவந்தது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி என்னிடம் வந்தார்.

"உங்க சித்தப்பா யாரையும் கூப்புடலம்மா. 'அண்ணன் புள்ளைங்களோட வருது, அவசரப்படுத்தாத, மெதுவா வரட்டும்'னுதான் சொன்னாரு. ஆத்தங்கரையில தங்கிட்டாரேங்குற கோவத்துல மொதல்ல உங்கப்பாகிட்ட சொல்லல. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வருஷ நினைவு மலர்ல நீ எழுதிடு."

எழுதிவிட்டேன் சித்தி.

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த துவாரகா அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் பாராமல் வந்த மருத்துவருக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று ஆற்றங்கரையில் இன்னொரு நாள் தங்க அழுதது நான்தான் என்பது சித்திக்கு இதுவரை தெரியாது. அவருக்குத் தமிழ் வாசிக்க இப்போது கண் தெரிவதில்லை. இதை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.