அக்காவுக்கு விட்ட பந்து

எங்கள் அணி கலைந்து இரண்டு வருடம் ஆகிறது. கலைத்தது நான்தான். கூட ஆடியவர்கள் வெயில் என்பார்கள், ராசியில்லாத ஜெர்சி என்பார்கள், புதுக் கோச் என்பார்கள். என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார்கள்.

பெண்கள் கால்பந்து அணி அது. மாதச் சம்பளம் கொடுத்து, அஸ்தம்பட்டியில் ஒரு வீடு பிடித்து எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். உரிமையாளர்கள் நாலு பேரும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர்கள். தண்ணீர் வராத இடத்தில் அவர்கள் அதிகம் நிற்பதில்லை. "முதல் டிவிசன்ல இருந்து எறங்கிட்டோம்னா அடுத்த வருசம் டீம் இல்லீங்க" என்று சீசன் தொடங்கும் முன்பே கைகூப்பிச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் அறுப்போம்.

நான் கோல்கீப்பர். மல்லசமுத்திரத்துக்கு அந்தாண்டை மரவள்ளி போடுகிற குடும்பம். வயது முப்பத்திரண்டு, அணியிலேயே மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. டீ வந்தால் முதல் டம்ளர் எனக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. நான் கேட்டு வாங்கியதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

முந்தின வருடம் தப்பிப் பிழைத்ததே பெரும்பாடு. அதனால் பழைய கோச்சுக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டு, வடசென்னையிலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். ஒரு முழங்கால் மடங்காது. வாய்க்கு அந்தக் குறை இல்லை. வந்த அன்றைக்கே பெரிய முதலாளியைப் பார்த்து, "இன்னா சார், கிரவுண்டுல புல்லைக் காணோம், மேஞ்சிட்டியா?" என்றார். அவர் மரியாதைக்குச் சிரித்தார். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

முதல் பயிற்சி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார். "இன்னாடி இது? சாவு வீட்லகூட இதவிட சத்தமா இருக்கும். ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்றீங்க."

உண்மைதான். எங்களில் சின்னவள் பெரியவளுக்குக் கட்டளை போடுவது வழக்கமில்லை. நான் பந்துக்கு வந்தால் எல்லோரும் விலகிவிடுவார்கள், வராவிட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள். கோச் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். "பந்து யார் கண்ணுல மொதல்ல படுதோ அவ கத்தணும். கத்துனா மத்தவ கேக்கணும். அக்காவாவது ஆட்டுக்குட்டியாவது!"

அதை நம்பிய ஒரே ஜீவன் எங்கள் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால், எனக்கு நேர் எதிரில் நிற்கிறவள். இருபது வயது, திருச்செங்கோட்டுக்காரி, நெடுநெடுவென்று வளர்ந்தவள். மறுநாள் பயிற்சியில் உயரமாக வந்த பந்துக்கு நான் பாய்ந்தபோது, "நில்லு, உடு, நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினாள். நின்றேன். அவள் தலையால் முட்டி வெளியே தள்ளினாள். அவள் சொன்னதுதான் சரி. நான் போயிருந்தால் கோல். ஆனால் பின்னால் இரண்டு பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும், குரலில் தேன் தடவிக் கேட்டேன்: "ஏஞ்சாமி, ஊட்லயும் பெரியவங்கள இப்படித்தான் பேசுவீங்களா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். சின்னவளை வாடி போடி என்றால் பாசம். திடீரென்று வாங்க போங்க என்றால் தள்ளிவைத்துவிட்டோம் என்று அர்த்தம். அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. கோச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவால்லியே, நல்லா மரியாதையாத்தான் பேசிக்கிறீங்க" என்றார்.

சீசன் முழுக்க அவளை அப்படியே நடத்தினேன். "பந்தக் குடுங்க." "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்த்து ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மற்றவர்களைப் பார்த்துக் கத்துவாள், என் பக்கம் திரும்பினால் வாய் ஒட்டிக்கொள்ளும். முதல் நாலு ஆட்டம் தோற்றோம். பிறகு மெதுவாகத் தலை தூக்கினோம். கோச் அந்த மடங்காத காலோடு எங்களுடனேயே ஓடினார். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம் என்கிற அளவுக்கு இழுத்துவந்தது அவர்தான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களை ஜேடர்பாளையம் அணைக்குக் கூட்டிப்போனார். குளித்துவிட்டு மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தோம். ஸ்டாப்பர் ஒரு துண்டை இலையோடு கொண்டுவந்து, முள் எடுத்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கோச் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு உன்னைக் கண்டா பயப்படுது. இன்னா பண்ணி வெச்ச?"

"ஒண்ணுமில்லீங்க, மரியாதைங்க."

"மரியாதை மண்ணாங்கட்டி. போய் ஒரு வார்த்தை பேசு. சாரி கேளு, இல்ல நாலு திட்டாவது திட்டு."

எழுந்திருக்கத்தான் பார்த்தேன். பெரியவள் போய்ச் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்பதா? ஆட்டம் முடியட்டும் என்று மீனைத் தின்றேன். நன்றாக வேறு இருந்தது, பாழாய்ப்போன மீன்.

கடைசி ஆட்டம். சேலத்து வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை, முடிய ஐந்து நிமிடமோ என்னவோ இருந்தது. எதிரணி நடுமைதானத்திலிருந்து ஒரு நீளப் பந்தைத் தூக்கி அடித்தார்கள். சாதாரணப் பந்து, அதில் ஒரு வித்தையும் இல்லை. நான் வெளியே ஓடிவந்தேன். ஸ்டாப்பர் பந்துக்கு அடியிலேயே நின்றாள், குதிக்க வேண்டியதுதான் பாக்கி. என் கண்ணில் சூரியன் இருந்தது. வலப்பக்கமாக அவர்களுடைய பார்வர்டு ஓடிவருவது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்த வாயை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். சத்தம் வரவில்லை. பிறகு ஓர் அடி பின்வாங்கி எனக்கு வழி விட்டாள்.

என் கைக்கு எட்டும் முன்பே பார்வர்டு தலையை நீட்டிவிட்டாள். பந்து இரண்டு தரம் குதித்து, ஆளில்லாத கோலுக்குள் உருண்டு போனது.

ஆட்டம் முடிந்ததும் அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க வாரீங்கன்னு உட்டுட்டனுங்கக்கா. மன்னிச்சுக்கங்கக்கா." நான் அவளைத் தூக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லவும் இல்லை. சுற்றிலும் ஆள் இருந்தார்கள். அவள்தான் விட்டுவிட்டாள் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள், நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கோச் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலாளிகள் சொன்ன சொல் தவறவில்லை. ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தோம். தோற்றுப்போன கோச் என்ற பேரோடு அவர் ரயிலேறினார். இருபத்திரண்டு பெண்கள் திசைக்கொருவராய்ப் போனார்கள். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. இப்போது அதே அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். ஜவுளிக்கடைச் சீருடையில் நின்றாள். ஆடுவதை விட்டாயிற்று என்றாள். ஸ்டாப்பர்தான் விட்டது என்று ஊரெல்லாம் பேச்சாகி, எந்த அணியும் அவளைக் கூப்பிடவில்லையாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு என்னுதுடி. உன் வாய அடைச்சது நாந்தான். என்னைத் திட்டுடி, ஒரே ஒரு தடவை."

"ஐயோ, என்னங்கக்கா நீங்க" என்று சிரித்தபடியே கையை உருவிக்கொண்டாள். பஸ் வந்தது. ஒரே கூட்டம், முண்டியடித்தார்கள். படிக்குப் பக்கத்தில் அவள்தான் முதலில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் போனாள்.

"நீங்க ஏறுங்கக்கா."