அப்பீல் போர்டுக்குப் போகும் வழியில் கழன்ற தோள்

இன்று என் கணவருக்கு அப்பீல் மெடிக்கல் போர்டு. ராணுவத்தில் இருந்தபோது பயிற்சியில் விழுந்து விலகிய வலது தோள், ஓய்வுபெற்ற பிறகும் அடிக்கடி கழன்றுகொள்கிறது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டதற்கு, பணியால் வந்ததல்ல என்று முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள்.

சைதாப்பேட்டையில் பஸ் திடீரென்று பிரேக் அடித்தது. படியருகே நின்ற மீன்கார அம்மா வெளியே விழப்போனார். இவர் எட்டிப் பிடித்தார், வலது கையால்.

அந்த அம்மா தப்பித்தார். இவர் தோள் கழன்றது.

"ஐயோ, இன்னா நைனா, கை இப்டி தொங்குது!" என்று அந்த அம்மா அலறினார்.

"பஸ்ல பட்ட அடின்னு எழுதிடுவாங்க. வீட்லயே கழண்டுச்சுன்னு சொல்லுங்க" என்று இவர் காதில் சொன்னேன். இவர் வலியில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ பிடித்து, போர்டு நடக்கும் ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். போர்டு டாக்டரே தோளைப் பழையபடி ஏற்றிவிட்டு, "எப்படிக் கழண்டது?" என்றார்.

நான் இவரை லேசாக இடித்தேன்.

"பஸ்ல சார். ஒருத்தங்க விழப்போனாங்க, பிடிச்சேன். இந்த வருஷம் இது நாலாவது தடவை."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. "லெட்டர் வரும்" என்றதோடு சரி.

வெளியே வந்ததும், "ஏங்க உண்மையச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல அதவிட பயமா இருந்துச்சும்மா."

அப்பீல் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், லெட்டர் வர எத்தனை நாள் ஆகும்? தள்ளுபடி ஆனவர்கள் மட்டும் தயவுசெய்து நாளைக்கு கமெண்ட் போடுங்கள்.